மலையகத்துக்கு ஊழியப் பயணம்: சுங்கை சிப்புட் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் சிறிய தமிழ்ச் சபையிலிருந்து, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பத்து நாள் ஊழியத்துக்குப் போய்வருகிறோம். நான் நான்கு முறை போயிருக்கிறேன். கடைசி இரண்டு முறையும் குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதும், வாட்ஸ்அப்பிலும், பசாரில் காய்கறி வாங்கும்போதும்கூட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

யார் யார் போகலாம்?

பதினெட்டு வயது நிறைந்த சபை அங்கத்தினர் எவரும் பெயர் கொடுக்கலாம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அப்பா அல்லது அம்மாவோடு வரலாம். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதும் ஆண்டில் வேண்டாம். பாடத் தெரிய வேண்டும், பிரசங்கம் பண்ணத் தெரிய வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. புறப்படுவதற்கு முன் மூன்று மாதம், சனிக்கிழமை மாலைகளில் பயிற்சி நடக்கும். அதற்குத் தவறாமல் வர முடியாதவர்களை அழைத்துப் போவதில்லை. இதில் மட்டும் நான் கண்டிப்பானவள், முன்னமே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இலங்கை? மற்ற சபைகள் நேப்பாளம், கம்போடியா என்று போகிறார்களே?

அவர்கள் போவது நல்லதுதான். ஆனால் நேப்பாளத்தில் மதமாற்றம் சட்டப்படி குற்றம். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே அது இருக்கிறது. பின்னர் வந்த குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, வெளிநாட்டவரை நாட்டைவிட்டு அனுப்பவும் வழி உண்டு. நாம் திரும்பி வந்துவிடுவோம், நம்மை வரவேற்ற உள்ளூர் விசுவாசிதான் அங்கே மாட்டிக்கொள்வார். அந்த நாட்டை நன்றாக அறிந்தவர்கள் போகட்டும்.

நாங்கள் இலங்கைக்குப் போவதற்குக் காரணம், அங்கிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். முதலில் எழுதியது நாங்கள் அல்ல. அந்தத் தோட்டத்துச் சபையின் உபதேசியார் ஒருமுறை ஈப்போவுக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தவர், நம் ஊர்ப்பக்கத் தோட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அழைத்துப்போனேன். இடிந்து கிடந்த லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, பார்த்துக்கொண்டே வந்தவர், "இங்கே காலையில் ஆள் கூடும் இடத்துக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். "பெரட்டு" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் ஊரிலும் அது பெரட்டுக்களம்தான்.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அவர்களுடைய முன்னோர் 1820களிலிருந்தே மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மலை ஏறியவர்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. நமக்குப் பால்மரம் எனும் ரப்பர், பிறகு செம்பனை. ஒரே ஊர்ச் சனம் இரண்டு கடலோரங்களில் பிரிந்துபோனது போலத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே சுவிசேஷத்தை நாம் கொண்டுபோவதாக யாரும் நினைக்க வேண்டாம். காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று "தமிழ்க் கூலி மிஷன்" 1854இலேயே அங்கே தொடங்கிவிட்டது. பெயரைக் கேட்டால் நெஞ்சு சுருங்குகிறது, ஆனாலும் பெயர் அதுதான். நம் பக்கத்து மெதடிஸ்டு ஊழியம் சிங்கப்பூரில் தொடங்கியதே 1885இல்தான். வயதில் அவர்கள் நமக்கு மூத்த சபை.

பத்து நாளில் என்ன செய்துவிட முடியும்? விமான டிக்கெட் பணத்தை அப்படியே அங்கே அனுப்பிவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. கேட்பவரை விசுவாசக் குறைவு உள்ளவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. என் பதிலைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் தோட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு ஊழியக் குழு வருகிறது என்று ஒரு வாரமாகப் பேச்சு. அன்று காலை அம்மா பால் வெட்டப் போவதற்கு முன்பே என்னை எழுப்பி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தலைக்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த கவுனைப் போட்டுவிட்டார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு பென்சில், ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார்கள். பிறகு படம் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்து, "நீ பின்னால் போம்மா" என்றார். மூக்கு ஒழுகிக்கொண்டு, சட்டை போடாமல் நின்ற இரண்டு தம்பிகளை முன்னால் இழுத்து நிறுத்தினார். அம்மா எனக்கு ரிப்பன் கட்டிவிட்டதுதான் தப்பாகப் போய்விட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். புறப்படும்போது ஒரு அக்கா என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "அடுத்த வருடம் வருவேன்" என்றார். அடுத்த டிசம்பர் முழுக்க, மண் ரோட்டில் வேன் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

எங்கள் குழுவின் விதிகளெல்லாம் அந்த நாளிலிருந்து பிறந்தவை. கூப்பிட்ட இடத்துக்குத்தான் போவோம். கேட்ட வேலையைத்தான் செய்வோம். ஒரே தோட்டத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போவோம். திரும்பி வர முடியாது என்றால் "வருவோம்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது.

இனி பணத்துக்கு வருகிறேன். பயணத்துக்கு நாம் திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்) இன்னொரு வெள்ளி அந்தச் சபையின் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. திரட்ட முடியவில்லை என்றால் ஆட்களைக் குறைப்போம், அவர்கள் பங்கைக் குறைக்க மாட்டோம். ஒரு வருடம் எட்டுப் பேர் போக நினைத்து ஐந்து பேர்தான் போனோம். எல்லாப் பணத்தையும் அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன என்று உபதேசியாரிடம் நேராகவே கேட்டேன். "பணம் அனுப்ப வேறு ஆள் இருக்கிறார்கள் அக்கா. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட ஆள் இல்லை" என்றார். அதற்கு மேல் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அங்கே நாம் செய்யும் வேலை என்ன?

முதல் முறை வேலையை நாங்களே தீர்மானித்துப் போனோம், அது தவறாகிவிட்டது. அங்கே பிள்ளைக்காம்பரா என்பது நம் ஆயாக்கொட்டகை. அதற்கு வெள்ளையடித்துத் தருகிறோம் என்று ஆசையோடு இறங்கி, இரண்டே நாளில் நீலமும் மஞ்சளுமாகப் பூசி, யானை, முயல் எல்லாம் வரைந்தோம். அது மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதம். சுவர் உள்ளே ஈரம். நாங்கள் ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் வாரமே யானையின் காது உரிந்து தொங்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அந்தத் தோட்டத்திலேயே ஒரு மேசன் இருந்தார். அவரைக் கேட்டிருந்தால் சுவர் காயும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருப்பார், அந்த வேலையில் அவருக்கு நான்கு நாள் கூலியும் கிடைத்திருக்கும். மறு வருடம் அவரிடமே பணத்தைக் கொடுத்து, தை பிறந்து வெயில் வந்ததும் பூசச் சொன்னோம். அந்தப் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது அவர்கள் கேட்பது மூன்று வேலைகள். விடுமுறை வேதாகமப் பள்ளி ஐந்து நாள். அதை நடத்துவது அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், நாம் பக்கத்துணை. இரண்டாவது, அந்த ஆசிரியைகளுக்கே மாலையில் பயிற்சி. கொழுந்து பறித்துவிட்டு வந்து, பிறகு பாடம் நடத்தும் பெண்கள் அவர்கள். மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும். நம்மில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, இதற்கு வாருங்கள்.

பெரியவர்களுக்கான கூட்டம் இரவு ஏழு மணிக்குத்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். முதுகில் கூடையோடு சரிவில் நின்றுவிட்டு வருபவருக்கு அடுப்பு மூட்டும் வேலை பாக்கி இருக்கும். அவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணுவது இரக்கமில்லாத செயல்.

மருத்துவ முகாம் நடத்தலாமே என்று நம் டாக்டர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவர் அங்கே வைத்தியம் பார்ப்பதற்கு இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். பையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. அந்த மாத்திரை தீர்ந்த பிறகு அந்த அம்மா யாரிடம் போவார்?

மதம் மாற்றத்தான் போகிறீர்களா? என் அலுவலக நண்பர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறைக்காமல் பதில் சொல்லுங்கள். நாம் இயேசுவை விசுவாசிக்கிறோம், அவரைப் பற்றிப் பேச வெட்கப்படுவதில்லை. கேட்கிறவருக்குச் சொல்கிறோம். ஆனால் அரிசி கொடுத்துச் சபைக்குக் கூப்பிடுவதும், பிள்ளைக்குப் புத்தகப்பை கொடுத்து ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுவதும் பாவம் என்றே நான் நம்புகிறேன். கொடுக்கும் பொருள் எதுவானாலும் லயத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகப் போகும். அதைப் பங்கிடுவது தோட்டக் கமிட்டி, நாம் அல்ல.

மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்கள் சைவக் குடும்பங்கள். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் கிடையாது, நம் ஊர்த் தோட்டங்களைப் போலத்தான். கோயிலைப் பற்றி ஒரு சொல்கூட இளப்பமாகப் பேசக் கூடாது. திருவிழா நாளாக இருந்தால் நம் கூட்டத்தைத் தள்ளிவைப்போம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை அங்கே பெரிய அவமதிப்பாகக் கருதுவார்கள். போயா எனும் பௌர்ணமி நாள் பொது விடுமுறை, அன்று மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காகக்கூட இவற்றை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோரின் பொறுப்பு.

விசா எப்படி? சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய்விடலாம் என்கிறார்களே?

அப்படிச் செய்யக் கூடாது. சுற்றுலா அனுமதியில் போய்ப் பிரசங்கமும் கூட்டமும் நடத்துவது விதிமீறல். மதப் பணிக்கு வருகிறோம் என்றால் அதற்குரிய அனுமதியை, நம்மை அழைக்கும் சபை தன் தலைமை அலுவலகம் மூலம் கேட்டு வாங்க வேண்டும். கிறிஸ்தவ மத அலுவல்களுக்கென்றே அங்கே ஓர் அரசுத் திணைக்களம் இருக்கிறது. காகிதங்களைச் சேர்க்கக் காலம் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே பெயர் கேட்பது இதனால்தான். உண்மையைச் சொல்லப் போகிறவர்கள் குடிநுழைவு முகப்பில் பொய்யோடு தொடங்கினால் அந்த ஊழியத்துக்கு என்ன மரியாதை?

விசா விண்ணப்பத்துக்கு இலங்கை அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். பார்வைக்கு அதைப்போலவே இருந்து கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். புதிது எடுக்க 200 வெள்ளி, அறுபது வயது கடந்தவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி.

என்னிடம் சிவப்பு ஐ.சி.தான் இருக்கிறது. நான் வரலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சிவப்பு ஐ.சி. என்பது குடிமகன் அல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. நிரந்தரவாசிக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. அடையாளச் சான்றிதழ், மறுநுழைவு அனுமதி என்று வேறு வழிகளைப் பார்க்க வேண்டும். அதற்கு விசா கிடைக்குமா என்பதையும் தனியாக விசாரிக்க வேண்டும். முன்கூட்டியே வாருங்கள், ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்கு உங்களோடு நானே வருகிறேன். பிறப்புப் பத்திரமே இல்லாதவர்களுக்குப் பயணத்தைவிட முக்கியமானது அந்தப் பத்திரம். அதற்கும் உதவி செய்ய ஆள் இருக்கிறோம்.

எங்கள் சபையில் ஒரு பாட்டி. இந்த மண்ணிலேயே பிறந்தவர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் எழுபது வயது கடந்தும் சிவப்பு அட்டை. மூன்று வருடம் முயன்றும் அவரைக் கூட்டிப்போக முடியவில்லை. அவர் கதையை மலையகத்து லயத்தில் ஒரு பெரியம்மாவிடம் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு நிமிர்ந்து, "அங்கேயுமா?" என்றார்.

அவருக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருடைய அப்பா அம்மா நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டது. அண்ணன் அந்தக் கணக்கில் கப்பலேறிவிட்டார், இவர் தங்கிவிட்டார். எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தன் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். எனக்கு எடுத்துக் காட்டினார். "உங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள், நான் ஜெபம் பண்ணுகிறேன்" என்றார். நம் பாட்டியும் இவருக்காக ஜெபிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

எவ்வளவு செலவாகும்? என்னால் அவ்வளவு முடியாதே.

பெரிய செலவு விமான டிக்கெட்தான். கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணி நேரப் பயணம். பெருநாள் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் விலை ஏறிவிடும், ஆகவே சீக்கிரம் முடிவு செய்பவர்களுக்கு லாபம். தங்குவது உபதேசியார் வீட்டிலும் ஆலயத்து அறையிலும். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் விறகுக்கும் நாம் பணம் கொடுத்துவிடுவோம். அவர்கள் வேண்டாம் என்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும். 1,000 ரூபாய் நாள் சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதை வாங்கியவர்கள். மறு வருடமே நாடு கடனில் மூழ்கி, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றார்கள்.

பணம் இல்லாததால் யாரும் பின்வாங்கக் கூடாது. ஆராதனைக்குப் பிறகு தோசை, வடை விற்கிறோம், வாலிபர்கள் கார் கழுவுகிறார்கள், தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக் கொடுக்கிறோம். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு கட்டியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். சில்லறையாகச் சேர்ப்பது நமக்குப் புதிது அல்ல.

வட்டிக்கு வாங்கி வராதீர்கள். தெரிந்தால் டிக்கெட் போடமாட்டேன்.

எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு நம் தமிழ் புரியுமா?

புரியும். இரண்டு நாள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். வாக்கியத்துக்கு வாக்கியம் "லா" போடுவதையும், சாப்பாட்டைக் கட்டிக்கொடுக்கச் சொல்ல "தாப்பாவ்" என்பதையும் அங்கே யாரும் கேட்டதில்லை. அவர்கள் சொல்லும் "பாண்" நம் ரொட்டி, "பிளேன்டி" பால் சேர்க்காத நம் தேஓ, "துரை" தோட்ட மானேஜர். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பயிற்சியில் ஒரு வேதாகமக் கதையை வாய்மொழியாகவே சொல்லக் கற்றுக்கொடுப்போம். போன முறை மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த ஒரு தம்பி, எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவன், நல்ல சமாரியன் கதையை நம் வட்டார வழக்கிலேயே நடித்துக் காட்டினான். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டார்கள். வந்த பிறகு அவனே என்னிடம் அரிச்சுவடி வாங்கிக்கொண்டு போனான்.

பிள்ளைகளோடு பழகுவதில் என்ன விதிகள்?

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். மடியில் உட்காரவைப்பது வேண்டாம். தனியாகப் பரிசு கொடுப்பதும், பிள்ளையின் கைத்தொலைபேசி எண்ணை வாங்குவதும் வேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டம் மலேசியர் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும். பயிற்சியின் முதல் நாளே இதை எல்லோரிடமும் வாசித்துக் கையெழுத்து வாங்குகிறோம். கோபித்துக்கொண்டு விலகியவர்கள் உண்டு. அவர்களை நான் திரும்ப அழைக்கவில்லை.

படம் எடுப்பதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தலைவாரி, முகம் கழுவி, அவர்கள் விரும்பும் உடுப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எடுக்க வேண்டும். எடுத்த படத்தை அச்சடித்து மறு வருடம் அந்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் முகத்தை முகநூலில் போடக் கூடாது.

குளிருமா? என்னென்ன எடுத்துவர வேண்டும்?

குளிரும். ஹட்டனிலிருந்து மேலே ஏறினால் நுவரெலியா, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. கேமரன் மலையில் ஓரிரவு தங்கியவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் லயத்தின் தகரக் கூரைக்குக் கீழே படுத்தால் அந்தக் குளிர் வேறு. ஸ்வெட்டர், காலுறை, மழைக்கோட்டு, வழுக்காத சப்பாத்து கட்டாயம். அட்டைப் பூச்சிக்கு உப்புப் பொட்டலம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்சுலினையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடவேண்டாம். டைபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசி பற்றி கிளினிக்கில் கேளுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது, ஆனால் கொழும்புப் பக்கம் டெங்கி உண்டு. தெருநாயைத் தடவாதீர்கள். கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும்.

பழைய துணி மூட்டை வேண்டாம். முதல் முறை ஓட்டப்பந்தய டீ-சட்டைகளை மூட்டையாகக் கொண்டுபோனோம், அந்தக் குளிரில் அதைப் போட முடியாது. நாம் போடாததை அவர்களும் போடமாட்டார்கள்.

பாதுகாப்பா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் இருப்பது தப்பில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்ததை யாரும் மறக்கவில்லை. சீயோனில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அந்த மக்கள் அதன் பிறகும் ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் பயணத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது மழை. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆகவே மண்சரிவு எச்சரிக்கை வந்தால் உபதேசியார் சொல்வதுதான் முடிவு. அவர் திரும்பிப் போங்கள் என்றால், பாதி நிகழ்ச்சி மீதி இருந்தாலும் இறங்கிவிடுவோம். ஒருமுறை அப்படி இறங்கினோம். பயணக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம்.

என்னால் போகவே முடியாது. உடம்பு, வேலை, பிள்ளைகள். எனக்குப் பங்கு உண்டா?

உண்டு. பத்து நாளும் அந்த நேரத்துக்கு ஜெபிக்க ஒரு குழு வேண்டும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு ஏழு மணிக் கூட்டம் நமக்கு ஒன்பதரை, சமையல் முடிந்து உட்காரும் நேரம். போகிறவர்களின் வயதான அப்பா அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவை. ஆசிரியைகளுக்குப் பாடப் படங்கள் வெட்டி ஒட்டுவதற்கும் கைகள் தேவை.

இன்னொன்று, நம் ஊரிலேயே நேப்பாளி காவலாளிகள் இருக்கிறார்கள், தொழிற்சாலை விடுதிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் தாத்தா இருந்த நிலையில் இன்றைக்கு அவர்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒருவரையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோமா? முஸ்லிம்களாக இருப்பவர்களிடம் வேறு மதத்தைப் பரப்புவதை நம் நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அந்த எல்லை எல்லோருக்கும் தெரியும். சோறு போடுவதற்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதற்கும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

நாம்தான் போகிறோம். அவர்கள் இங்கே வருவார்களா?

இதைக் கேட்டது ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளை. பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

வருகிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் இருவர் வருவதற்கு ஏற்பாடு நடக்கிறது. இருவரும் விமானம் ஏறியதே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அவர்கள் பாடம் நடத்துவார்கள், நம் ஆசிரியைகள் பக்கத்துணை. டிக்கெட் பணத்தில் பாதி சேர்ந்துவிட்டது. மீதிக்கு இந்த மாதக் கடைசி ஞாயிறு இடியாப்பம் விற்கிறோம், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆலயத்துச் சமையலறையில் மாவு பிசைய ஆள் வேண்டும். தங்குவதற்கு என் வீட்டில் ஓர் அறை ஒழித்துவைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு இரவில் படி ஏற முடியாது, முழங்கால் வலி. கீழ்த்தளத்தில் இடமுள்ள வீடு யாருடையதாவது இருந்தால் தெரியப்படுத்துங்கள்.